மூன்றாம் நம்பரின் இரண்டு மூடிகள்

அத்தியாயம் 6

"நக்கித்தான் பார்க்கணுமா சார்?" என்று கேட்டாள் ரேடியோ.

நிதானத்தின் நாக்கு வேலையில் இருந்தது. கட்டைவிரல் பருமனில் கறுப்பாக இருந்த அந்த நைலான் மூடியின் மரையை ஒரு சுற்று நக்கினார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று.

"தடயத்தைத் துப்பறியறவரே தின்னுட்டாருன்னு நாளைக்கு எவனாவது எழுதப் போறான். கூட நின்னவ நான்தான்னு என் பேரும் வரும்."

"உப்பு இல்ல" என்றார் நிதானம்.

"போட்டுக் கொண்டு வரச் சொல்லட்டுமா?"

நிதானம் என்பது அவர் பெற்றோர் வைத்த பெயர் அல்ல; அவருடைய வேகத்தைப் பார்த்து ஊர் வைத்தது. மோதிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதும் சர்வேயராக இருபது வருடம் வேலை பார்த்து, பிறகு துப்பறிய வந்தவர். ஒரு முறை அவர் ஒரு திருடனைத் துரத்தினாராம். திருடன் இரண்டு தெரு தாண்டி நின்று, டீ குடித்து, முடி வெட்டிக்கொண்டு, அப்படியும் இவர் வராததால் கவலைப்பட்டுத் திரும்பி வந்து மாட்டிக்கொண்டான் என்று சொல்வார்கள். அது பொய். முடியெல்லாம் வெட்டிக்கொள்ளவில்லை, முகச்சவரம் மட்டும்தான்.

ரேடியோவுக்குப் பெயர் வந்த காரணத்தை விளக்கத் தேவையில்லை. பத்து வருடம் டாக்சி கம்பெனியில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பியவள். மைக்கை எடுத்துவிட்டார்கள், பேச்சு மட்டும் அவளிடமே தங்கிவிட்டது.

அவர்கள் நின்றிருந்தது கடற்கரையோர வாட்டர் ஸ்கூட்டர் வாடகைக் கடையின் கொட்டகை. தண்ணீரில் பைக் மாதிரி ஓடும் ஐந்து ஸ்கூட்டர்கள் தள்ளுவண்டிகளின் மேல் வரிசையாக நின்றன. மூன்றாவதின் சீட்டில் இன்னும் கடற்பாசி ஒட்டியிருந்தது. மூன்று நாளைக்கு முன் அது கடலின் அடியில் கிடந்தது. அதை ஓட்டிப்போன கடை முதலாளி ஒன்றரை மணி நேரம் கடலின் மேல் கிடந்தார்.

முதலாளியை எல்லோரும் கேப்டன் என்பார்கள். மூழ்கப்போன ஒன்பது பேரைக் கரை சேர்த்தவர் என்று சுவரில் மாலையும் கழுத்துமாகப் படம் தொங்கியது. நிதானமும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நேற்று கேப்டனின் மனைவி போன் செய்து, "அவரே உங்களைத்தான் கூப்பிடச் சொன்னாருண்ணே, வேற யாரும் வேணாம்னுட்டாரு" என்றதும் நிதானம் கடைக்குப் போய் ஒரு புதுச் சட்டை வாங்கினார். நாற்பது வருடம் கழித்து ஒரு பெரிய மனிதன் பழைய பெஞ்சை நினைத்துப் பார்க்கிறான் என்றால் பழைய சட்டையிலா போய் நிற்பது?

வழக்கு சின்னது. மாலை ஐந்து மணிக்குள் முடியவேண்டியது.

ஸ்கூட்டரின் பின்பக்க அடியில் இரண்டு துளைகள் உண்டு. உள்ளே சேரும் தண்ணீரை வடிக்க மாலையில் மூடிகளைக் கழற்றுவார்கள். காலையில் கடலில் இறக்கும் முன் திருகுவார்கள். திருக மறந்தால் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. நடுக்கடலில் நின்றால் உள்ளே தண்ணீர் ஏறி வண்டி அடியில் போய்விடும். அன்றைக்கு அவசர விளக்கைச் சோதிக்கிறேன் என்று போன கேப்டன் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினார். மறுபடி இன்ஜின் கிளம்பவில்லை. வண்டி மூழ்கிவிட்டது. மூழ்கியதை எடுத்துப் பார்த்தால், இரண்டு துளையிலும் மூடி இல்லை.

இரண்டு மூடியும் மெக்கானிக்கின் கருவிப் பெட்டிக்குள் கிடந்தன.

மெக்கானிக், கேப்டன் மனைவியின் உடன்பிறந்த தம்பி. கடையில் அவனைத் திருகாணி என்று கூப்பிடுவார்கள்.

"அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறேண்ணே" என்று காலையில் சொல்லியிருந்தாள் அக்கா. கடைக்கு வருபவர்கள் எல்லோருக்கும் கேப்டனின் மனைவி அக்காதான். "கொலை முயற்சின்னு எழுதியாச்சு. கையெழுத்துதான் பாக்கி. தம்பி மேல கையெழுத்துப் போடறேன்ல... வெளியாள் ஒருத்தர் பார்த்து ஆமான்னு சொன்னா என் கை நடுங்காது. அவ்வளவுதான்."

ஆமாம் என்று சொல்ல வந்த வெளியாள், இப்போது மணி மூன்று ஆகும்போது, மூடியை நக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா கடல்ல ஓடற வண்டியோட மூடி" என்றார் நிதானம். "எவ்வளவு கழுவினாலும் மரை இடுக்குல உப்பு நிக்கும். இதுல கடையில வாங்கின வாசனைகூட போகல."

ரேடியோ மூடியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். "உங்க எச்சில் வாசனைதான் வருது." ஆனாலும் முகத்தில் கிண்டல் கொஞ்சம் குறைந்தது. "அப்ப இது மூணாம் நம்பர்ல மாட்டினதே இல்லைங்கறீங்களா?"

"அதை மாட்டறவன்கிட்டயே கேட்போம்."

திருகாணி கொட்டகைக்குப் பின்னால் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் துணிப்பை கட்டி வைத்திருந்தது. முப்பது வயது இருக்கும். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

அவனைச் சுற்றி இருந்த எல்லாவற்றிலும் தக்கை தொங்கியது. ஸ்பேனரில் தக்கை, டார்ச்சில் தக்கை, சாவிக்கொத்தில் தக்கை. கழுத்துக் கயிற்றில் தொங்கிய மூக்குக் கண்ணாடியில் இரண்டு தக்கை.

"துணிப்பையிலயும் கட்டியிருக்கியேப்பா!" என்றாள் ரேடியோ. "பஸ்ல போகும்போதும் மூழ்கிடுமோ?"

"பழக்கம்க்கா" என்றான் அவன். "தண்ணியோரம் வேலை பார்க்கறவன் கையில இருந்து நழுவுறது எல்லாம் தண்ணியிலதான் விழும். விழுந்தா மிதக்கணும்."

நிதானம் எதிரில் இருந்த இன்னொரு டயரில் உட்கார்ந்தார். உட்காருவதற்குள் ரேடியோ கொட்டகையை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள். லைஃப் ஜாக்கெட்டுகள் நம்பர் வாரியாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் விசில், சின்னக் கண்ணாடி, மினுக்கு விளக்கு. ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டும் சிவப்புக் கயிறுகள் ஆணியில் வரிசையாக இருந்தன. ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் தானாக நிற்கும். வாசலில் ஒரு கரும்பலகை. மூன்று கட்டம்: போனவர், போன நேரம், திரும்பும் நேரம்.

"இதெல்லாம் யார் வேலை?" என்று கேட்டாள்.

"நான்தான். இந்த வருஷம் எல்லாத்தையும் மாத்தினேன். திரும்பும் நேரம் எழுதாம யாருக்கும் கயிறு குடுக்க மாட்டேன். எழுதின நேரத்துக்கு மேல பத்து நிமிஷம் ஆச்சுன்னா மணி அடிச்சு, படகு எடுத்துக்கிட்டுத் தேடப் போகணும். மாமாவே ஆனாலும் எழுதணும்."

"அன்னைக்கு எழுதினாரா?"

"எழுதினாரு. பதினொண்ணு இருபதுன்னு. ஆனா அடிக்க ஆள் இல்லையே. தீயணைப்பு சிலிண்டர் வாங்கிட்டு வான்னு மாமா என்னை டவுனுக்கு அனுப்பிட்டாரு. அக்கா வீட்ல."

"மூடி விஷயம் சொல்லு" என்றார் நிதானம்.

"சாயங்காலம் கழட்டின மூடிய அந்தந்த வண்டியோட சிவப்புக் கயித்துலயே மாட்டிருவேன் சார். காலையில கயித்தை எடுக்கறவன் கையில மூடி இடிக்கும். திருகாம மறந்து போகவே முடியாது. மூடி இல்லாம வெறும் கயிறு தொங்குச்சுன்னா, திருகியாச்சுன்னு அர்த்தம். அன்னைக்குக் காலையில ஒம்பது மணிக்கு மூணாம் நம்பருக்கு நானே திருகிட்டு வெறும் கயித்தைத் தொங்கவிட்டேன். அக்கா மேல சத்தியமா திருகினேன்."

"அப்புறம் உன் பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சு?"

"தெரியல சார்."

"வந்த மூடிய நீ பார்த்தியா?"

"அக்கா கையில வச்சுக் காட்டுச்சு. 'உன் பெட்டியிலதான்டா இருந்துச்சு'ன்னுச்சு. நான் மூடியப் பார்க்கல சார். அக்கா முகத்தைத்தான் பார்த்தேன். அதுக்கப்புறம் எதையும் பார்க்கத் தோணல."

நிதானம் உள்ளங்கையை விரித்தார்.

அவன் குனிந்து பார்த்தான். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு அவனுக்குள் இருந்த மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தான். புருவம் சுருங்கியது.

"இது மூணாம் நம்பர் மூடி இல்லையே. தக்கை எங்க?"

"மூடியிலயுமா!" என்றாள் ரேடியோ.

"முந்தின நாள் ராத்திரி வீட்ல வச்சு ஒட்டினேன்க்கா. தலைமேல வட்டமா ஒரு வில்லை, ஆரஞ்சு பெயின்ட். திருகும்போது கை நழுவி விழுந்தாலும் மிதக்கட்டும்னு. மூணாம் நம்பருக்கு மட்டும்தான், சரியா வருதான்னு பார்க்க. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கல" என்றாள் ரேடியோ, உதட்டைக் கடித்துக்கொண்டு. "மூணாம் நம்பர் மேல மட்டும் என்ன அவ்வளவு பாசம்? பின்னாடி மடக்குப் படியும் அதுக்கு மட்டும்தான் இருக்கு."

அவன் கைகளைத் துணியில் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "அது மாமா ஓட்டற வண்டி. மாசம் முதல் தேதி எல்லாரும் ஜாக்கெட்டோட தண்ணியில விழுந்து, யார் உதவியும் இல்லாம தானா ஏறணும்னு பயிற்சி வச்சேன். மாமாவால ஏற முடியல. மூணு தடவை முயற்சி பண்ணாரு. வயசு ஆகுதுல்ல. கரையில வாடிக்கைக்காரங்க நின்னு பார்த்தாங்க. யாரோ கைதட்டினாங்க, தைரியம் குடுக்கத்தான். அவருக்கு அது... அப்புறம் அடுத்த வாரமே அந்தப் படிய செஞ்சு மாட்டினேன். 'எல்லாருக்கும்தான் மாமா'ன்னு சொல்லித்தான் மாட்டினேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"தட்டிக் குடுத்தாரு. கடலோரப் பாதுகாப்பு ஆபீஸ்ல இருந்து என்னை எல்லாக் கடைக்கும் பயிற்சி குடுக்கச் சொல்லிக் கடுதாசி வந்தப்பவும் தட்டிக் குடுத்தாரு. அவர் கையாலதான் சார் நான் நீச்சலே கத்துக்கிட்டேன். அவரை நான் எதுக்கு..." துணிப்பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

கொட்டகையைத் தாண்டியதும் ரேடியோ குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினால் பக்கத்துக் கடைக்கு மட்டும்தான் கேட்கும். "தக்கை ஒட்டினேன்னு இவன் சொல்றான். பார்த்தவங்க யாரும் இல்ல. அந்த மூடியும் இல்ல. இதை வச்சு அக்காவோட பேனாவை எப்படி நிறுத்தறது?"

"அவன் சொல்றது பொய்னா அந்த மூடி உலகத்துலயே இல்ல" என்றார் நிதானம். "உண்மைன்னா அது எங்க இருக்கும்?"

"கடல்ல."

"கடலுக்கு அடியிலயா?"

ரேடியோ நின்றாள். "சார்! மேல!"

"வா. கேப்டனைத் தூக்கின படகுக்காரரைப் பார்ப்போம்."

மீன் இறங்கு துறை அரை கிலோமீட்டர். நிதானம் நடந்தால் அதுவே ஒரு யாத்திரை. பாதி வழியில் ஒரு நத்தை அவர்களைத் தாண்டிப் போனதாக ரேடியோ பின்னாளில் சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை, கடற்கரை மணலில் நத்தைக்கு என்ன வேலை? ஆமையாக இருந்திருக்கலாம்.

கேப்டனைத் தூக்கிய வலைக்காரர் தன் படகின் நிழலில் உட்கார்ந்து அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார். எழுபது வயது. காலடியில் ஒரு தண்ணீர் கேன். கேனின் வாயை ஆரஞ்சு நிறத் தக்கை ஒட்டிய ஒரு கறுப்பு மூடி அடைத்திருந்தது.

ரேடியோவுக்குப் பேச்சு நின்றுபோனது. சுமார் மூன்று விநாடி. அதுவரை இருந்த சாதனை ஒன்றரை.

"அய்யா, இது எங்க கிடைச்சுது?"

"கடல் குடுத்தது. எதுக்கு?"

"எங்களுக்கு வேணும்."

"எனக்கும்தான் வேணும். பழைய மூடி தொலைஞ்சு ஒரு மாசமா கேன்ல மணல் விழுது. இது அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உட்கார்ந்துச்சு. கடல் குடுத்ததைத் திருப்பிக் கேக்க நீங்க யாரு?"

"ஒண்ணுதான் கிடைச்சுதா?" என்று கேட்டார் நிதானம்.

வலைக்காரர் வலையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். மிதவைகளுக்கு நடுவே, அதே ஆரஞ்சுத் தலையோடு இரண்டாவது மூடி கட்டப்பட்டிருந்தது. "இது வேலைக்கு ஆகுது."

"எப்ப எடுத்தீங்க?"

"அந்தக் கேப்டனைத் தூக்கின அன்னிக்குத்தான். அவருக்கு இருபது முழம் தள்ளி ரெண்டும் ஜோடியா மிதந்துச்சு. முதல்ல இதைத்தான் பார்த்தேன். நிறம் பளிச்சுனு இருந்துச்சு. அவரு ஜாக்கெட் நிறம் அவ்வளவு எடுப்பா இல்ல." முடிச்சைப் பல்லால் இறுக்கினார். "மனுஷனுக்கு நன்றின்னு ஒண்ணு வேணாம்? கையக் குடுத்து மேல இழுத்துப் போடறேன், முதல் வார்த்தை என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன?"

"'ஏன்யா இன்னைக்கு இவ்வளவு லேட்டு?'ன்னு கேட்டாரு."

நிதானமும் ரேடியோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்குக் கோவம் வந்துருச்சு. தினம் பன்னெண்டு மணிக்கு அந்த வழியாத்தான் திரும்புவேன். அன்னிக்கு வலை பாறையில மாட்டி அரை மணி லேட்டு. அதுக்கு இவருக்கு நான் பதில் சொல்லணுமா? நான் என்ன இவரு ஏற்பாடு பண்ணின டாக்சியா?"

"டாக்சியா இருந்தா நான் திட்டியிருப்பேன்" என்றாள் ரேடியோ. ஆனால் சிரிப்பில்லாமல் சொன்னாள்.

பேரம் பத்து நிமிடம் நடந்தது. கடைசியில் ரேடியோவின் புது ஃபிளாஸ்க் வலைக்காரரிடமும், இரண்டு மூடிகள் நிதானத்திடமும் வந்து சேர்ந்தன. திரும்பி நடக்கும்போது ரேடியோ வாயைத் திறக்கவில்லை. நிதானம்தான் பேசினார்; அது இன்னும் மோசம்.

"கரையிலயே மூடி இல்லாம போயிருந்தா, இந்த மூடி நடுக்கடலுக்கு வந்திருக்காது. ஓடும்போது தானா கழண்டிருந்தா வழியில எங்கயோ விழுந்திருக்கும். ரெண்டும் அவர் பக்கத்துல ஜோடியா மிதக்காது. நின்ன இடத்துல யாரோ கழட்டியிருக்காங்க. அங்க இருந்தது ஒரே ஆள்."

"உங்க ஃபிரெண்டு."

நிதானம் புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே இருந்த லேபிள் காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. இப்போதுதான் வலித்தது.

"இன்னும் நான் அக்காகிட்ட சொல்லல" என்றார். "அவனுக்கு ஒரு வாய்ப்பு குடுக்கணும். தப்பிக்க ஒரு பதில் இருந்தா சொல்லட்டும்."

கடையின் ஆபீஸ் அறைக்குள் நுழையும்போது மணி நாலரை. சாய்வு நாற்காலியில் கேப்டன் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. போர்வையைப் பார்த்தால்தான் அவர் கடலில் கிடந்தவர் என்று நினைவு வரும். மேஜைமேல் புகார்க் காகிதம், அதன்மேல் பேனா. அக்கா அதை இதுவரை எத்தனை முறை எடுத்து வைத்தாளோ, பேனாவைச் சுற்றிக் காகிதம் கசங்கியிருந்தது.

"வாடா நிதானம்!" என்றார் கேப்டன். "நல்லா சுத்திப் பார்த்தியா? உட்காரு. டீ சொல்லட்டுமா?"

"தண்ணி போதும்டா. ஒரு கிளாஸ்."

அக்கா கண்ணாடித் தம்ளரில் கொண்டுவந்து வைத்தாள். "சொல்லுங்கண்ணே. தம்பிதானா?"

"பெட்டியிலதான் இருந்துச்சு, வேற என்ன சொல்லணும்" என்று கேப்டன் பெருமூச்சு விட்டார். "எனக்கே மனசு கேக்கல. தூக்கி வளர்த்த பையன். மூடியைத் தொட்டே பார்க்காம, வெறும் கயிறு தொங்குதேன்னு அவனை நம்பி எடுத்துக்கிட்டுப் போனேன். பின்பக்கம் போய்க் குனிஞ்சுகூடப் பார்க்கல. அவ்வளவு நம்பிக்கை."

"குனியவே இல்லையா?"

"இல்லடா. அதான் சொல்றேனே."

நிதானம் தலையை ஆட்டினார். வயதானவர்கள் ஒரு சில்லறை விஷயத்தை ஞாபகம் வைக்க முயல்வதுபோல நெற்றியைத் தேய்த்தார். "சின்னப் பையன் ஏதோ உளறினான். முந்தின நாள் மூணாம் நம்பர் மூடி தலையில எதையோ ஒட்டினானாம். எதுக்குன்னு எனக்குப் புரியல. வண்டி விவகாரம் உனக்குத்தான் தெரியும். தக்கையை எதுக்குடா ஒட்டுவாங்க?"

"பிடிமானத்துக்குத்தான்" என்றார் கேப்டன், பெரியவர்கள் மடையர்களுக்குச் சொல்லும் பொறுமையோடு. "ஈரக் கையில நைலான் வழுக்கும். தக்கை மெத்துனு இருக்கு, விரல் நல்லா பதியுது."

அக்கா கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க" என்றாள் அக்கா மெதுவாக. "ஒட்டினது எனக்கே தெரியாது. முந்தின நாள்தான் ஒட்டினானாம். மூடியைத் தொடவே இல்லைன்னீங்க. மெத்துனு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேப்டன் வாயைத் திறந்தார். ஒன்பது பேரைக் காப்பாற்றியவருக்குக் கையில் பிடிக்க ஒரு வார்த்தை அகப்படவில்லை.

நிதானம் சட்டைப் பையிலிருந்து பெட்டியில் கிடைத்த மூடியை எடுத்துத் தம்ளரில் போட்டார். அது நேராக அடிக்குப் போய் 'டக்' என்று உட்கார்ந்தது. பிறகு ஆரஞ்சுத் தலை மூடியைப் போட்டார். அது ஒரு முறை முங்கி, எழுந்து, மிதந்தது.

"பிடிமானத்துக்கு இல்லடா" என்றார். "இதுக்கு."

ரேடியோ மீதியைச் சொன்னாள். வலைக்காரர், ஜோடியாக மிதந்தது, 'ஏன் லேட்டு'. நகைச்சுவை எதுவும் சேர்க்காமல், டாக்சிக்கு விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அக்கா கணவனின் போர்வையை வாங்கி மடித்தாள். நான்கு மூலையும் சேரும்படி மடித்தாள். "தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு ரெண்டு மூடியக் கழட்டறது லேசு இல்லையே. எதைப் பிடிச்சு நின்னீங்க?"

மடித்த போர்வையை மேஜைமேல் வைத்தாள்.

"அந்தப் படி மேலதானே? அவன் உங்களுக்காகச் செஞ்சு போட்ட படி."

"எனக்கு யாரும் படி செஞ்சு போடச் சொல்லல!" கேப்டனின் குரல் முதல் முறையாக உடைந்தது. "இருபது வருஷம் இந்தக் கரையில என் விசில்தான். இவன் வந்து ஜாக்கெட் மாத்தறான், கயிறு மாத்தறான், பலகையில எழுதுங்கறான். மூணு தடவை வழுக்கி விழுந்தேன், கைதட்டறாங்க, குழந்தைக்குத் தட்டற மாதிரி! அவன் முறையெல்லாம் ஓட்டைன்னு ஒரு நாள் ஊர் பார்க்கட்டும்னு நினைச்சேன். வேலையை விட்டுப் போவான், அவ்வளவுதான். கம்ப்ளெயின்ட் வரைக்கும் போகும்னு நான் நினைக்கல."

"நான் எழுதும்போது பக்கத்துல இருந்து வார்த்தை எடுத்துக் குடுத்தீங்க" என்றாள் அக்கா. "கொலை முயற்சிங்கறது உங்க வார்த்தை. புது மூடிய அவன் பெட்டியில போட்டுட்டு, திறந்து பாருன்னதும் நீங்கதான். அவன் முகத்துக்கு நேரா மூடியக் காட்டினேனே... என் தம்பிகிட்ட நானே..."

நிதானம் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "ஒண்ணு மட்டும் சொல்லுடா. ஊர்ல எத்தனையோ பேர் இருக்க, என்னை ஏன் கூப்பிடச் சொன்ன?"

கேப்டன் நிமிர்ந்தார். தோற்றவனுக்கு ஒரு கடைசி உண்மை மிச்சமிருந்தது. அதையும் கொடுத்துவிட்டார். "ஸ்கூல்ல ஜோக் சொன்னா மறுநாள் சிரிக்கிறவன் நீ. பெட்டியக் காட்டினா பெட்டியத்தான் பார்ப்ப. அஞ்சு மணிக்குள்ள உனக்கு எதுவும் புரியாதுன்னு நினைச்சேன்."

"உனக்காகப் புதுச் சட்டை வாங்கினேன்டா" என்றார் நிதானம்.

ரேடியோ எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

அக்கா புகார்க் காகிதத்தைக் கையில் எடுத்தாள். "இதுல பேரை மட்டும் மாத்தி எழுத எனக்கு ரெண்டு நிமிஷம் போதும். எழுதணுமா வேணாமான்னு எனக்கு இன்னும் தெரியல. தெரியறதுக்குள்ள கிளம்பிடுங்க."

கேப்டன் செருப்பைத் தேடி மாட்டினார். கொட்டகை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். திருகாணி துணிப்பையோடு அங்கே நின்றிருந்தான். சன்னல் திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டிருக்கும். மாமா தன்னைத் தாண்டும்போது பழக்கத்தில் ஒதுங்கி வழிவிட்டான். அவர் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினார். அவன் தோள் இரண்டு அங்குலம் பின்னால் போனது. கை அந்தரத்தில் நின்றது. பிறகு அதை எடுத்துக்கொண்டு கேப்டன் நடந்தார்.

அக்கா வெளியே வந்து கரும்பலகையின் முன் நின்றாள். மூன்று நாளைக்கு முன் அவர் கையால் எழுதிய 'பதினொன்று இருபது' இன்னும் அழியாமல் இருந்தது. முந்தானையால் துடைத்தாள். சாக்பீஸை எடுத்தாள், அதிலும் ஒரு தக்கை தொங்கியது.

போனவர்: கேப்டன். போன நேரம்: நாலே முக்கால்.

மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது.

"திரும்பும் நேரம் எழுதாம யாரையும் அனுப்பக் கூடாதுன்னு நீதானேடா சட்டம் போட்ட" என்றாள், தம்பி பக்கம் திரும்பாமல்.

திருகாணி துணிப்பையைக் கீழே வைத்தான். கிட்டே வந்து அக்காவின் விரல்களுக்குள் இருந்து சாக்பீஸை மெல்ல உருவி, ஆணியில் மாட்டினான்.

கட்டம் காலியாகவே இருந்தது. அன்றைக்கு அந்தக் கடையில் யாரும் மணி அடிக்கவில்லை.